ஓராண்டுக் கொடி மூணாற்றில் ஏன் சாவதில்லை?



கடையில் விற்கும் பூங்கொடி விதைப் பாக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் இரண்டு செய்திகள் இருக்கும். கொடி வேகமாக ஏறும். அதன் ஆயுள் ஓராண்டு. முதல் செய்தியை மூணாற்று மண் ஒருநாளும் பொய்யாக்கியதில்லை. இரண்டாவதைத்தான் அது மதிப்பதே கிடையாது. மாட்டுப்பட்டி சாலையிலோ தேவிகுளம் ஏற்றத்திலோ போகிறவர்கள், ஆரஞ்சு நிற இதழும் நடுவில் கறுத்த குழியுமாக வேலியை மூடிக் கிடக்கும் ஒரு கொடியைப் பார்த்திருப்பார்கள். யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை. போன வருடம் இருந்தது, அதற்கு முந்தின வருடமும் இருந்தது. விதைப் பாக்கெட்டில் அதன் பெயருக்குக் கீழே ஓராண்டுத் தாவரம் என்றே அச்சடித்திருப்பார்கள்.

அந்தக் கொடியின் பெயர் துன்பெர்ஜியா அலாட்டா. நர்சரிக்காரர்கள் பிளாக் ஐ சூசன் என்பார்கள். சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. 1825இல் லண்டனில் வெளிவந்த கர்ட்டிஸ் தாவரவியல் இதழில் அது முதன்முதலாகப் படத்தோடு விவரிக்கப்பட்டது. பெயரில் இருக்கும் துன்பெர்க், லின்னேயஸிடம் படித்த சுவீடன் நாட்டு மருத்துவர். டச்சுக் கம்பெனியின் கப்பலில் ஜப்பான் வரை போய், திரும்பும் வழியில் 1777-78இல் இலங்கையிலும் தங்கிச் செடிகள் சேகரித்தவர். அவர் நினைவாக ஒரு பேரினத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

ஆப்பிரிக்காவில் இந்தக் கொடி பல ஆண்டு வாழும். இங்கிலாந்துக்குக் கொண்டுபோனபோது கோடையில் தழைத்தது, நவம்பர் உறைபனியில் கருகிப்போனது. மறு வசந்தத்தில் தோட்டக்காரர் மறுபடி விதை போட்டார். இப்படித்தான் அது ‘ஓராண்டுக் கொடி’ ஆனது. அந்த முத்திரையைக் குத்தியது ஐரோப்பியக் குளிர். கொடியின் பிறவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விதைப் பாக்கெட் எழுதுகிறவர்கள் குளிர்நாட்டுத் தோட்டப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். அதை மூணாற்றில் பிரித்து விதைக்கிறவர்கள்தான் விளைவைச் சுமக்கிறார்கள்.

மூணாறு நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகை வடக்கே இருக்கிறது. ஊரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். வெயில் சுடாது, பகல்பொழுது ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாது, மண் காய்வது அபூர்வம். உறைபனி விழுவதுண்டு. 2019 ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, பல எஸ்டேட்டுகளில் தேயிலை கருகியதை இங்கே இருக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். செண்டுவாரை, கன்னிமலை, லெட்சுமி போன்ற எஸ்டேட்டுகளின் தாழ்ந்த பகுதிகள் வெள்ளைப் போர்வை போர்த்தியிருக்கும்போது, சற்று மேலே சரிவில் இருக்கும் தொழிலாளர் லயத்து வாசலில் ஒரு இலைகூட வாடியிருக்காது. அங்கே சூசனைக் கொல்ல ஆளில்லை. அதோடு அதன் தண்டு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர் விடும், முற்றிய காய் வெடித்து விதையைத் தூர எறியும். பிறகு என்ன, சாலையோரம் முழுக்க அதன் ராஜ்யம்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சூசனும் நீலக்குறிஞ்சியும் அகாந்தேசியே என்ற ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதையைக் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. ஓராண்டுத் தாவரம் ஒரு வருடத்தில் முடிக்கும் வாழ்க்கையை அது பன்னிரண்டு வருடமாக இழுத்துச் செய்கிறது, அவ்வளவுதான். பூத்தபின் சாக வேண்டும் என்ற விதி அதன் உடம்புக்குள்ளேயே எழுதியிருக்கிறது. சூசனுக்கோ அப்படி எந்த விதியும் இல்லை.

ஆகவே மூணாற்றில் கொடி வைக்க நினைப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எது சீக்கிரம் ஏறும் என்பதாக இருக்கக் கூடாது. இங்கே எல்லாமே ஏறும். எது தானாக முடிந்துபோகும் என்று கேட்க வேண்டும்.

ஊதா நிறத்தில் புனல் மாதிரிப் பூக்கும் மார்னிங் குளோரியை எடுத்துக்கொள்வோம். சாலையோர மரங்களையும் கைவிட்ட கட்டடங்களையும் போர்த்திக் கிடப்பது ஐபோமியா இண்டிகா. பெயரில் இந்தியா இருந்தாலும் அதன் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம் என்றே தாவரவியலார் கருதுகிறார்கள். அது பல்லாண்டுக் கொடி. குடியேறிய நாடுகளில் பெரும்பாலும் விதை வைக்காது. வெட்டிப் போட்ட தண்டிலிருந்தே துளிர்க்கும். வீட்டு வேலியைச் சுத்தம் செய்து, அந்தக் கொடியை அள்ளி ஓடைப்பக்கம் எறிகிறவர் அதை ஒழிக்கவில்லை, நட்டுவிட்டு வருகிறார்.

அதன் நெருங்கிய உறவான ஐபோமியா நில் அப்படியில்லை. அது விதையிலிருந்து விதை வரை ஒரே ஆண்டில் முடித்துக்கொள்ளும். விதை பேதி மருந்தாகப் பயன்பட்டது. சீனாவிலிருந்து அந்த மருந்து விதை ஜப்பானுக்குப் போனது. அங்கே எடோ காலத்தில் மருந்தை மறந்து பூவைப் பிடித்துக்கொண்டார்கள். கிழிந்த இதழ், சுருண்ட இலை, புள்ளி, கோடு என்று விதவிதமான மாற்றங்களைத் தேடித்தேடி வளர்ப்பது ஒரு பித்தாகவே மாறியது. டோக்கியோவின் இரியா பகுதியில் ஆண்டுதோறும் ஜூலை 6 முதல் 8 வரை அந்தப் பூவுக்கென்றே சந்தை நடக்கிறது. ஜப்பானிய ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் தொட்டியில் அதை விதைத்து, முளைத்த நாள் முதல் விதை எடுக்கும் நாள் வரை குறிப்பெழுதுவது வழக்கம். ஒரு செடியின் முழு வாழ்க்கையையும் ஒரு பள்ளி ஆண்டுக்குள் பார்த்துவிடலாம் என்பதே அதற்குக் காரணம். மூணாற்றுப் பள்ளிகளும் இதைச் செய்யலாம். தொட்டியில் வைத்து, விதை சிதறுமுன் எடுத்துவிட்டால் போதும்.

இனி, கொடி எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். இது தெரியாமல் பந்தல் போட்டால் பாதி உழைப்பு வீண்.

இதை முறையாக ஆராய்ந்தவர் சார்லஸ் டார்வின். அமெரிக்கத் தாவரவியலார் ஆசா கிரே 1858இல் பற்றுக்கம்பிகளின் அசைவு பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதைப் படித்த டார்வின் அவரிடமே விதை வாங்கி வளர்த்தார். உடல்நலம் குன்றி அறைக்குள் முடங்கியிருந்த நாட்களில், பக்கத்தில் வைத்த தொட்டியில் கொடியின் நுனி சுற்றுவதை மணிக்கணக்கில் பார்த்துக் குறித்தார். ஹாப் கொடியின் நுனி வெப்பமான பகலில் சராசரியாக 2 மணி 8 நிமிடத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது என்பது அவர் கண்ட கணக்கு. அந்த ஆராய்ச்சி 1865இல் லின்னேயன் சங்க இதழில் வந்தது. 1875இல் தனிப் புத்தகமானது.

டார்வின் பிரித்த வகைகள் தோட்டக்காரருக்கு அப்படியே உதவும். மார்னிங் குளோரியும் சூசனும் அவரையும் தண்டால் சுற்றி ஏறுபவை. அவற்றுக்கு மெல்லிய, நேரான கொம்போ தொங்கும் கயிறோ வேண்டும். தடித்த மரத்தையோ அகலமான தூணையோ அவற்றால் பிடிக்க முடியாது. இவை மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அவசரப்பட்டு மறுபக்கமாகச் சுற்றிவிட்டால், கொடி தன்னைப் பிரித்துக்கொண்டு தன் திசைக்கே திரும்பிவிடும். ஸ்வீட் பீ வேறு ரகம். இலை நுனியில் இருக்கும் பற்றுக்கம்பியால் பிடிப்பது. அதற்குக் கிளை கிளையாகப் பிரிந்த குச்சிதான் தேவை. நஸ்டர்ஷியம் இலைக்காம்பையே வளைத்துக் கொக்கியாக்கும். அதன் பிடி பலவீனமானது, ஆகவே அங்கங்கே கட்டிவிட வேண்டும்.

குச்சிக்கு மூணாற்றில் பஞ்சமில்லை. கவாத்து முடிந்த தேயிலைக் காட்டிலிருந்து வரும் குச்சி கிளைவிட்டு, முறுக்கேறி, ஸ்வீட் பீக்கென்றே செய்தது போல இருக்கும். விறகுக் கட்டிலிருந்து நாலு குச்சி எடுத்து வைத்தால் செலவில்லை. உயரமான கொம்பு வேண்டுமானால் மெல்லிய கிராண்டிஸ் (யூக்கலிப்டஸ்) கம்பு போதும். நைலான் வலை மட்டும் வேண்டாம். கயிறோ சணலோ கட்டினால், கொடி முடிந்ததும் அறுத்து அப்படியே உரக்குழியில் போட்டுவிடலாம். மலையில் பிளாஸ்டிக் மிஞ்சாது.

சரி, எந்தக் கொடியை வைப்பது?

முதல் இடம் ஸ்வீட் பீக்கு. அதன் ஊர் சிசிலி. 1699இல் பிரான்செஸ்கோ குப்பானி என்ற துறவி அங்கிருந்து இங்கிலாந்தின் என்ஃபீல்டில் இருந்த ராபர்ட் யுவடேல் என்ற பள்ளி ஆசிரியருக்கு விதை அனுப்பினார். சின்னப் பூ, ஆனால் வாசம் ஆளைத் தூக்கும். இருநூறு ஆண்டு கழித்து ஷ்ராப்ஷயரில் ஹென்றி எக்ஃபோர்டு பெரிய பூ ரகங்களை உருவாக்கினார். 1901இல் அலை அலையான இதழுள்ள கவுன்டஸ் ஸ்பென்சர் என்ற ரகம் காட்சிக்கு வந்தது. இன்று கடையில் கிடைப்பவற்றில் பல அதன் வழிவந்தவை.

சிசிலியில் மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை எரிக்கும், சொட்டுத் தண்ணீர் இருக்காது. அந்தக் கோடையைத் தாண்ட ஸ்வீட் பீ கண்டுபிடித்த வழி, விதையாகிச் செடியை முடித்துக்கொள்வது. ஆகவே அது பிறவியிலேயே ஓராண்டுக் கொடி. மூணாற்று ஈரத்தில் வைத்தாலும் காய் முற்றியதும் காய்ந்துபோகும். லேசான உறைபனியைத் தாங்கும் என்பது கூடுதல் லாபம்.

ஆனால் அதற்குப் புளித்த மண் ஆகாது. தேயிலைக்குப் பிடித்த மண், கார அமிலக் குறியீடு 4.5 முதல் 5.5 வரை உள்ள புளிப்பு மண். ஸ்வீட் பீக்கு ஏறக்குறைய நடுநிலை மண் வேண்டும். எஸ்டேட்டில் தேயிலைக்கே டோலமைட் போடுவது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதே டோலமைட்டை விதைப்பதற்குச் சில வாரங்கள் முன்பே குழியில் கலந்து, மக்கிய சாணம் போட்டு ஆறவிட வேண்டும். விதையின் தோல் கெட்டி. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, ஊதாத விதையை மட்டும் நகவெட்டியால் லேசாகச் சுரண்டி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றலாம். செடிக்குச் செடி ஒரு சாண். மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ளினால் பக்கத் துளிர் வெடிக்கும் என்று கொழுந்தெடுக்கும் கைகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பூக்கத் தொடங்கியதும் தினமும் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாலு காய் முற்றவிட்டால் கொடி தன் வேலை முடிந்தது என்று பூப்பதை நிறுத்திவிடும். மூடுபனி அதிகமான வாரங்களில் இலையில் சாம்பல் நோய் பிடிக்கும். நெருக்கி நடாமல் காற்றோட்டம் விடுவதே அதற்கு முதல் மருந்து.

ஓர் எச்சரிக்கை. பெயரில் பட்டாணி இருப்பதால் காயைத் தின்னலாம் என்று குழந்தைகள் நினைத்துவிடக் கூடாது. ஸ்வீட் பீ விதை நஞ்சு. மார்னிங் குளோரி விதையும் அப்படியே.

இரண்டாவது நஸ்டர்ஷியம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து வந்தது. குளிர்ச்சியும் ஈரமும் அதற்கு ஊர்க்காற்று. தரையில் படரும் ரகமும் உண்டு, ஏறும் ரகமும் உண்டு. பாக்கெட்டைப் பார்த்து வாங்க வேண்டும். இதற்கு உரம் வைக்காமல் இருப்பதே பராமரிப்பு. வளமான மண்ணில் குடை குடையாக இலைதான் வரும், பூ வராது. இலையும் பூவும் உண்ணத்தக்கவை. கடுகுபோலக் காரம் இருக்கும். முட்டைக்கோசைத் தின்னும் புழு இதையும் தேடி வரும், அதனால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பூவோடு ஒரு பெண்ணின் பெயர் சேர்ந்திருக்கிறது. லின்னேயஸின் மகள் எலிசபெத், மாலை மங்கும் நேரத்தில் நஸ்டர்ஷியம் பூக்கள் மின்னி மறைவதைக் கவனித்து, 1762இல் சுவீடன் அறிவியல் அகாதமியின் வெளியீட்டில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 19. பூவிலிருந்து மின்சாரம் வருகிறதா என்றுகூட அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மங்கிய வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் இருக்கும்போது மனிதக் கண்ணில் ஏற்படும் தோற்றம் அது என்று பிற்பாடு தெளிந்தது. விளக்கு போடுவதற்கு முந்தின அந்தப் பத்து நிமிடத்தில் லயத்து வாசலிலும் பார்க்கலாம்.

நஸ்டர்ஷியம் மூணாற்றில் விதை உதிர்த்துத் தானாக முளைக்கும். ஆனால் வேர் ஆழம் போகாது, ஒரு கையால் பிடுங்கிவிடலாம். ஆகவே கண்காணிப்போடு வைக்கலாம்.

பூவும் வேண்டும், சமையலுக்கும் ஆக வேண்டும் என்பவர்களுக்குச் செம்பூ பூக்கும் ரன்னர் பீன்ஸ் இருக்கிறது. மெக்சிகோ, மத்திய அமெரிக்க மலைநாட்டுப் பயிர். காயை நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். வாழையும் காய்கறியும் வைத்தால் படையப்பா என்ற காட்டு யானை வந்துவிடுவானே என்று கவலைப்படுகிறவர்கள், யானை வரும் பாதையில் இதைத் தவிர்த்துவிட்டு ஸ்வீட் பீயோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மறையூர், அடிமாலி போல வெப்பமான பக்கத்தில் இருப்பவர்களுக்கு மயில்மாணிக்கம் பொருந்தும். மலையாளத்தில் ஆகாசமுல்லை. இறகு போன்ற இலை, ரத்தச் சிவப்பில் நட்சத்திரப் பூ. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. கொடி ஓராண்டில் செத்துவிடும், விதை சாகாது. உதிர்ந்த விதை அடுத்த மழையில் நூறாக முளைக்கும். காய் பழுப்பாகும்போதே பறித்துவிட முடிந்தவர்கள் மட்டும் வைக்கலாம்.

இவ்வளவு தூரம் கடல் கடந்து போக வேண்டுமா என்று கேட்பவர்களுக்குச் செங்காந்தள் இருக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் முதலாவது காந்தள்தான். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. மழை தொடங்கியதும் கிழங்கிலிருந்து தண்டு கிளம்பும், இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் புதர்மேல் ஏறும், பூத்துக் காய்த்துத் தண்டு காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். நட்ட இடத்தை விட்டு ஊரைப் பிடிக்கும் பழக்கம் அதற்கு இல்லை. மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் கம்பிவேலியில் ஏற்றி, கையாலேயே மகரந்தம் சேர்த்து, விதைக்காகப் பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் மருந்தாகிறது. அதே கோல்ச்சிசின் உயிரையும் எடுக்கும். கிழங்கு, விதை எல்லாமே கொடிய நஞ்சு. சின்னக் குழந்தைகளோ ஆடுமாடோ இருக்கும் வீட்டில் காந்தள் வைக்கவே கூடாது.

காலம் பார்த்து விதைப்பது பாதி வெற்றி. 1924 ஜூலைப் பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையையே அடித்துக்கொண்டு போன ஊர் இது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விதை ஊன்றினால் அழுகும், அல்லது மண்ணோடு போகும். ரன்னர் பீன்ஸும் மயில்மாணிக்கமும் கோடை மழை விழும் ஏப்ரல், மே மாதங்களில். காந்தள் கிழங்கு மே கடைசியில், தண்ணீர் தேங்காத மேட்டில். ஸ்வீட் பீயும் நஸ்டர்ஷியமும் பெருமழை ஓய்ந்து துலாமழை (வடகிழக்குப் பருவமழை) நெருங்கும் செப்டம்பர், அக்டோபரில். பனி விழும் பள்ளத்தில் இருப்பவர்கள் டிசம்பர், ஜனவரி இரவுகளில் நஸ்டர்ஷியத்தின்மேல் பழைய சாக்கை மூடிக் காலையில் எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, தோட்டத்தின் வேலிக்கு வெளியே நடப்பதைப் பேசியாக வேண்டும்.

மிக்கானியா மைக்ராந்தா என்ற களைக்கொடியைக் கேரளத்தில் திருதராஷ்டிரப் பச்சை என்கிறார்கள். அணைத்தே நொறுக்கும் அந்தக் குருட்டு அரசனின் பெயரை வைத்தவர் யாரோ, பொருத்தமாக வைத்திருக்கிறார். பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் அதை அடக்க ஆண்டுக்கணக்கில் முயன்றது. அதைத் தாக்கும் ஒரு துருப் பூஞ்சையை வெளிநாட்டிலிருந்து தருவித்து, 2006இல் கேரளத்தில் விட்டுப் பார்த்தார்கள், அது நிலைபெறவில்லை. இன்றுவரை பெரும்பாலும் அரிவாளே கதி.

மிக்கானியா தோட்டப்பூ அல்ல என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காடெல்லாம் பரவிய உண்ணிச்செடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்ததுதான். வயநாட்டுக் காட்டை விழுங்கிக்கொண்டிருக்கும் மஞ்சள் கொன்னை ரகமும் நிழலுக்கும் பூவுக்கும் வைத்த மரமே. சூசனின் உறவான துன்பெர்ஜியா கிராண்டிஃபுளோரா நம் நாட்டின் வடக்குப் பகுதிகளில் இயல்பாக வளர்வது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குத் தோட்டக்கொடியாகப் போய், ஆற்றோர மழைக்காட்டு மரங்களைச் சாய்க்கும் களையாகிவிட்டது. எந்தக் கொடியும் தன் ஊரில் களை அல்ல. அதை அடக்கி வைத்திருக்கும் பூச்சியும் நோயும் பருவமும் அங்கே கூடவே இருக்கின்றன. பாக்கெட்டில் விதை மட்டும்தான் பயணம் செய்கிறது.

மூணாற்றைச் சுற்றி இருப்பது சாதாரணக் காடு அல்ல. இரவிகுளம், ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை என்று தேசியப் பூங்காக்கள் எஸ்டேட் எல்லையை ஒட்டியே இருக்கின்றன. சோலையின் ஓரத்து மரத்தில் ஒரு கொடி ஏறிவிட்டால், கவாத்துக்கத்தியோடு அங்கே போக யாருக்கும் அனுமதி கிடையாது. 

அதனால் இங்கே வந்திருப்பவர்களிடம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. வீட்டுக்கும் விடுதிக்கும் புதிதாகக் கொடி வாங்குகிறவர்கள் சூசனையும் ஊதா மார்னிங் குளோரியையும் வாங்காதீர்கள். ஏற்கெனவே இருப்பவர்கள், வெட்டிய தண்டை ஓடையிலோ சாலைச் சரிவிலோ எறியாமல் வெயிலில் நன்றாகக் காயவைத்து அடுப்பில் போடுங்கள். இந்தத் துலாமழைக்கு ஒரு பிடி ஸ்வீட் பீ விதை ஊன்றுங்கள். பூ முடிந்ததும் கடைசிக் காய்களைப் பறித்து விதை எடுத்து, பூட்டிவைக்காமல் பக்கத்து லயத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் கொடுங்கள்.